ஏரி தாண்டிப் போன ஜார் ஃபைல்

ஜாவாவில் புரோகிராம் எழுதுவது ஒரு வேலை, அதை அடுத்தவர் கம்ப்யூட்டரில் ஓட வைப்பது இன்னொரு வேலை. நமக்குச் சம்பளம் என்னவோ முதல் வேலைக்கு மட்டும்தான். 'என் மெஷினில் ஓடுதே' என்று ஒரு தடவையாவது சொல்லிவிட்டு, எதிரில் நிற்பவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கீபோர்டைத் துடைத்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படிக்கலாம். நம் கஷ்டம் நாலு பேருக்குத் தெரியட்டும்.

நான் எளாவூர் பக்கம், நெல் விளைகிற ஊர். வேலை பொன்னேரியில், ஒரு மாடி அறையில். நானும் பாஸ்கர் அண்ணனும் சேர்ந்தால் அதுதான் மொத்தக் கம்பெனி. எங்களுக்கு வந்த வேலை ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். பழவேற்காடு ஏரிக்குள் இருக்கிற ஒரு தீவுக் குப்பத்தின் மீனவர் சங்கத்துக்குப் பாடு பட்டியல் போட்டுத் தரும் புரோகிராம். பாடு என்றால் முறை. ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் சிலதான். அங்கே கழி நட்டு வலை கட்ட எழுபத்திரண்டு வீட்டுக்கும் உரிமை உண்டு, ஆனால் எல்லோரும் ஒரே நாளில் போக இடம் கிடையாது. அதனால் எந்த நாள், எந்த இடம், எந்த வீடு என்று பருவத்துக்கு ஒரு பட்டியல். அந்தப் பட்டியலைச் சங்கத்தில் உரக்க வாசிக்கும்வரை ஒருவரும் தண்ணீரில் கழி இறக்கக் கூடாது. இது அவர்கள் ஊர்க் கட்டுப்பாடு.

போன பருவம்வரை பட்டியலை நோட்டில் எழுதியவர் தேவகி அக்கா. சங்கத்துக் கணினியைத் தொடுகிற ஒரே ஆளும் அவர்தான். கையால் எழுதியதில் ஒரு நாள் தப்பிவிட்டது. முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிற நல்ல இடம், ஒரே நாளில் இரண்டு வீட்டுக்கு விழுந்துவிட்டது. ஒன்று, சங்கம் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்த கார்டில் அறுபத்தோராம் நம்பர், சேகர் அண்ணன் வீடு. இன்னொன்று தேவகி அக்காவின் சொந்த வீடு. இரண்டு படகும் ஒரே இடத்துக்குப் போய், வாய்ச்சண்டை முற்றி, சேகர் அண்ணன் ஓங்கிய கழி அக்காவின் வீட்டுக்காரர் மோகன் அண்ணன் தலையில் இறங்கியது. நாலு தையல். மச்சான் முறைக்காரர்கள் இருவரும் அதோடு பேச்சை நிறுத்தினார்கள். இந்தப் பருவமும் பட்டியல் தப்பினால், எழுதுகிற பொறுப்பு அக்காவிடமிருந்து போய்விடும். ஊர் இரண்டாக நிற்கும். அந்த நிலையில்தான் கம்ப்யூட்டர் போட்டுத் தரட்டும் என்று அக்கா எங்களிடம் வந்தார்.

குடல்

சோதனைக்காக முதல் பதிப்பை அக்காவே பொன்னேரி வந்து பென்டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். ஒரே ஒரு ஜார் ஃபைல். ஜார் என்பது வேறொன்றும் இல்லை, புரோகிராமின் துண்டுகளையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டி வைக்கிற ஃபைல். ஜாவா இருக்கிற கம்ப்யூட்டரில் மவுஸால் இரண்டு தட்டு தட்டினால் ஓட வேண்டும். "ரெண்டு தட்டு தட்டுங்கக்கா, அவ்ளோதான்" என்று சொல்லி அனுப்பினேன். நம் தொழிலில் 'அவ்வளவுதான்' என்ற வார்த்தையை வாயில் வைக்கக் கூடாது என்பது அப்போது எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் ஃபோன். "தட்டினேன் தம்பி. பொட்டி மாதிரி ஒண்ணு தொறந்துக்கிச்சி. உள்ள பாத்தா ஒரே ஃபோல்டரு. ஒண்ணைத் தொறந்தா அதுக்குள்ள ஒண்ணு, அதுக்குள்ள இன்னொண்ணு. கடைசில பேரே படிக்க முடியாத ஃபைலா கீது." விஷயம் புரிந்துவிட்டது. மூட்டை பிரிக்கிற மென்பொருள் ஒன்றை யாரோ எந்தக் காலத்திலோ அந்தக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். அது, ஜார் ஃபைலெல்லாம் என் சொத்து என்று எழுதி வாங்கிக்கொண்டிருந்தது. ஓட்டச் சொன்னால் பிரித்துப் போட்டுவிட்டது. தட்டினால் நேராக ஜாவாவைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு வரியில் இன்னொரு சின்ன ஃபைல் எழுதித் தருகிறேன் என்று சமாதானம் சொன்னேன். அக்கா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலாம். "மடவ மீனு கேட்டேன் தம்பி, நீ கொடலை எடுத்துக் கையில குடுத்துக்கற."

முதலில் எழுந்திருப்பது யார்

இரண்டு வரி ஃபைல் போய்ச் சேர்ந்தது. தட்டினார்கள். கறுப்புத் திரை வந்தது, ஒரே ஒரு வரி காட்டியது, நின்றது. அக்கா அந்த ஆங்கில வரியை எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க எனக்குக் காது சூடானது. ஜாருக்குள் மேனிஃபெஸ்ட் என்று ஒரு சீட்டு இருக்கும். உள்ளே இருக்கிற இத்தனை துண்டுகளில் எதை முதலில் எழுப்பவேண்டும் என்று அந்தச் சீட்டில் எழுதியிருக்க வேண்டும். நான் எழுதவில்லை. ஏனென்றால் என் லேப்டாப்பில், புரோகிராம் எழுதுகிற மென்பொருளுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்ததோடு சரி. ஜாரைத் தனியாக ஓட்டிப் பார்த்ததே இல்லை. சிரிக்காதீர்கள், நீங்களும் அப்படித்தான்.

அக்கா ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். பக்கத்தில் சங்கத் தலைவர் கோவிந்தசாமி. மெதுவான குரலில் நான் விளக்கினேன். உள்ளே எல்லாத் துண்டும் இருக்கிறது, எல்லாம் நல்லாத்தான் இருக்கிறது, யார் முதலில் ஆரம்பிப்பது என்று ஜாவாவுக்குத் தெரியவில்லை, அதனால் ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சங்கத்தில் கூட்டம் போட்டு நடத்துகிறவருக்கு அது வேறு மாதிரிப் புரிந்திருக்கிறது. "எங்க கூட்டத்துல அல்லாரும் ஒண்ணா எழுந்துக்கறான், உன் கூட்டத்துல ஒருத்தனும் எழுந்துக்கல, ரெண்டும் ஒண்ணுதான், வேலை நடக்காது."

கடைசி வரி

சீட்டை உடனே கையால் எழுதி, ஜாரை மறுபடி கட்டினேன். இந்த முறை என் லேப்டாப்பிலேயே தனியாக ஓட்டிப் பார்த்தேன். அதே வரி. எழுத்துப்பிழை பார்த்தேன், இல்லை. பெரிய எழுத்து, சின்ன எழுத்து பார்த்தேன், சரி. சீட்டு ஜாருக்குள் இருக்கிறதா என்று பிரித்துப் பார்த்தேன், இருக்கிறது. ஆனால் நான் எழுதிய வரி மட்டும் அதில் இல்லை. இரண்டு மணி நேரம் போனது. தெரிந்தவர்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். சீட்டில் கடைசி வரியை எழுதி முடித்ததும் ஒரு என்டர் தட்டி அடுத்த வரிக்குப் போகவேண்டும். இல்லாவிட்டால் அந்தக் கடைசி வரியை எழுதாததாகவே வைத்துக்கொள்ளும்.

டீ குடித்துவிட்டு வந்த பாஸ்கர் அண்ணன் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். கையை நீட்டி, சீட்டின் கடைசி வரியில் என்டரை ஒரு தட்டு தட்டினார். மறுபடி கட்டினேன். ஓடியது. "பேசி முடிச்சா வாயை மூடணும்டா, நீ தொறந்த வாயோட நின்னா, இன்னும் இன்னாமோ சொல்லப் போறான்னு அது காத்துக்கினு கீது."

பெட்டி திரும்பி வரணும்

சங்கத்தில் வீட்டு விவரமெல்லாம் எக்செல்லில் இருந்தது. அதைப் படிக்க ஒரு லைப்ரரி, பட்டியலை அச்சுக்குத் தயாராகத் தர இன்னொரு லைப்ரரி. இரண்டையும் நான் எழுதவில்லை, வேறு யாரோ எழுதி உலகத்துக்கு விட்டவை. அவற்றை 'லிப்' என்ற ஃபோல்டரில் போட்டு, ஜாருக்குப் பக்கத்திலேயே வைத்தேன். துணைக்கு அங்கே பார் என்று மேனிஃபெஸ்டிலும் எழுதினேன், கடைசியில் என்டரும் தட்டினேன். பென்டிரைவைக் குப்பத்துக்குப் படகு ஓட்டுகிற எல்லப்பன் அண்ணனிடம் கொடுத்து, அக்காவுக்கு ஃபோனில் சொன்னேன்: "புது ஜார் வருதுக்கா, எடுத்துக் கம்ப்யூட்டர்ல போட்டுக்குங்க." அன்று சாயங்காலம் அக்கா படித்துக் காட்டிய பிழை, ஒரு கிளாஸை, அதாவது புரோகிராம் துண்டு ஒன்றைக் காணவில்லை என்றது. லிப் ஃபோல்டர் எங்கே என்று கேட்டேன். எந்த லிப்பு என்றார். பென்டிரைவில் இருக்குமே என்றேன். பென்டிரைவு எங்க கீது, அதை அப்பவே திருப்பி அனுப்பிட்டேனே என்றார்.

மறுநாள் காலையில் எல்லப்பன் அண்ணன் கரையில் என்னைப் பார்த்ததும் சட்டைப் பையிலிருந்து பென்டிரைவை எடுத்து நீட்டினார், லிப் ஃபோல்டர் பத்திரமாக உள்ளே இருந்தது. ஏரியில் ஒரு பழக்கம் இருக்கிறது. அக்கரையிலிருந்து ஐஸ் பெட்டி வந்தால், உள்ளே இருப்பதை இறக்கிக்கொண்டு பெட்டியை அதே படகில் திருப்பிவிட வேண்டும். பெட்டி அடுத்தவருடையது, அதை ஒரு நாள்கூட வைத்துக்கொள்ளக் கூடாது. நான் ஜார் என்று ஒரு பொருளின் பெயரைச் சொன்னேன். அந்தப் பொருளை இறக்கிக்கொண்டு பெட்டியை அனுப்பிவிட்டார்கள். அக்கா மேல் தப்பே இல்லை. 'ஒரு ரெண்டு நாள் அங்கேயே வெச்சிருக்கலாமே அண்ணே' என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். எல்லப்பன் அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பொட்டியைத் திருப்பாதவனுக்கு நாளைக்கு எவன் தம்பி ஐஸ் குடுப்பான்?"

அவரவர் முத்திரை

இனிமேல் எதையும் தனித்தனியாக அனுப்புவதில்லை என்று முடிவு செய்தோம். லைப்ரரிகளைப் பிரித்து, அவற்றின் துண்டுகளையும் எங்கள் துண்டுகளையும் ஒன்றாகக் கொட்டி, ஒரே பெரிய ஜாராகக் கட்டிவிடுவது. கொழுத்த ஜார் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். என் லேப்டாப்பில் அன்று இடம் போதாததால் பாஸ்கர் அண்ணனின் கம்ப்யூட்டரில் கட்டினேன். கட்டி முடித்து ஓட்டினால், பாதுகாப்புப் பிழை என்று கத்துகிறது. எங்கள் அறையிலேயே, எங்கள் கம்ப்யூட்டரிலேயே. ஏரியைக்கூடத் தாண்டவில்லை.

என்ன ஆச்சு என்றால், அந்த லைப்ரரியில் ஒன்று முத்திரை வைத்து வந்தது. உள்ளே இருப்பது நான் கட்டியது போலவே இருக்கிறது, யாரும் கை வைக்கவில்லை என்று சொல்கிற முத்திரை. நான் மூட்டையைப் பிரித்து எங்கள் மூட்டையில் கொட்டியபோது முத்திரையும் கூடவே வந்து விழுந்துவிட்டது. இப்போது அது எங்கள் மூட்டையைப் பார்த்து, இது நான் கட்டியதில்லையே என்கிறது. நியாயம்தான். முத்திரை ஃபைல்களை மட்டும் விட்டுவிட்டு மறுபடி கட்டினேன். சத்தமில்லாமல் ஓடியது. நாற்காலியில் அப்படியே சாய்ந்தேன். பாஸ்கர் அண்ணன் தன் வேலையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "கூட்டுக் குடும்பம்னு கூப்பிட்டா, ஆளுக்கொரு பூட்டோட வந்து எறங்கறாங்க."

அறுபத்தொன்றும் ஐம்பத்திரண்டும்

கொழுத்த ஜார் குப்பத்துக்குப் போனது. இந்த முறை வந்த பிழையில் எண்கள் இருந்தன. அக்கா வழக்கம்போல் ஸ்பீக்கரில் போட்டு உரக்கப் படித்தார். "அறுபத்தி ஒண்ணுன்னு கீது தம்பி. இங்க ஐம்பத்தி ரெண்டு வரைக்கும்தான் ஏத்துக்குமாம்." எனக்கு உயிரே வந்தது. பாஸ்கர் அண்ணனின் கம்ப்யூட்டரில் இருந்தது புது ஜாவா, சங்கத்தில் இருப்பது பழைய ஜாவா. புதியதில் கட்டியதற்கு அறுபத்தொன்று என்று அடையாள எண், பழையது ஐம்பத்திரண்டைத் தாண்டி எதையும் வாங்காது. பழையதற்கு ஏற்றபடி கட்டினால் தீர்ந்தது, பத்து நிமிஷ வேலை. சந்தோஷமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

ஆனால் சங்கத்து அறையில் அப்போது இன்னும் நாலு பேர் இருந்திருக்கிறார்கள். அந்த ஊரில் எண் என்றால் கார்டு நம்பர்தான். ஐம்பத்திரண்டு வரைதான் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளும், அறுபத்தொன்றை வேண்டாம் என்றுவிட்டது என்று ஊருக்குள் செய்தி போய்விட்டது. அறுபத்தொன்று யார் என்பது எல்லோருக்கும் தெரியும். கம்ப்யூட்டர் யார் கையில் இருக்கிறது என்பதும் தெரியும். ஐம்பத்து மூன்றிலிருந்து எழுபத்திரண்டு வரை இருபது வீட்டுக்காரர்களும் சங்க வாசலில் வந்து நின்றார்கள். அக்கா மறுபடி எனக்கு ஃபோன் போட்டு, நேராக சேகர் அண்ணன் கையில் கொடுத்துவிட்டார். அது ஜாவாவின் எண், கார்டின் எண் இல்லை என்று நான் மூன்று விதமாகச் சொன்னேன். என் குரல் சாதாரணமாகவே கேட்காது, அன்று எனக்கே கேட்கவில்லை. அவர் பொறுமையாகத்தான் கேட்டார். "அப்போ ஒண்ணு பண்ணு தம்பி, அந்த ஜாவா நம்பரை வேற இன்னான்னா வெச்சிக்க, எங்க நம்பரை எங்க கிட்ட குட்த்துடு."

எல்லோருக்கும் ஒரே பெயர்

கடைசியில் ஒருவழியாகச் சங்கத்துக் கம்ப்யூட்டரிலேயே ஓடியது. பட்டியலும் அச்சில் வந்தது. தேதி சரி, கார்டு நம்பர் சரி. தமிழ்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வரிசையாகக் கட்டம் கட்டமாக வந்திருந்தது. தமிழ் எழுத்து ஃபான்ட்டை என் லேப்டாப்பில் டி டிரைவில் ஒரு மூலையில் வைத்திருந்தேன். புரோகிராமிலும் அந்த மூலையின் முகவரியையே எழுதியிருந்தேன். சங்கத்துக் கம்ப்யூட்டரில் டி டிரைவே கிடையாது. ஃபான்ட்டையும் ஜாருக்குள்ளேயே ஏற்றி, உள்ளிருந்தே எடுத்துக்கொள் என்று மாற்றிக்கொடுத்தேன். பெயர்கள் வந்தன.

ஆனால் அந்தக் கட்டம் போட்ட தாள் வந்த அன்று மோகன் அண்ணன் சங்கத்துக்கு வந்திருந்தாராம். தையல் போட்ட இடத்தில் முடி இன்னும் சரியாக முளைக்கவில்லை, அதைத் தடவிக்கொண்டே தாளை மேலிருந்து கீழே வரை பார்த்திருக்கிறார். அக்கா எனக்கு அதை அப்படியே ஃபோனில் சொன்னார். "இதையே வாசிச்சிடுங்க, அல்லாருக்கும் ஒரே பேரு, யாரும் யாரையும் அடிக்க வேலையில்ல."

பூட்டி வைத்த விலக்கு

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசிப்பு, சனிக்கிழமை முதல் பாடு என்று முடிவானது. எனக்கு நிம்மதி. புதன்கிழமை குப்பத்தில் ஒரு சாவு. சேகர் அண்ணனின் அப்பா. அந்த ஊர் வழக்கப்படி சாவு வீட்டுக்காரர்கள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வலை கட்டமாட்டார்கள். ஆனால் அவர்கள் முறை செத்துப்போகாது. எடுத்து வைத்திருந்து, பதினேழாம் நாள் அதே இடத்தைக் கொடுக்கவேண்டும். பட்டியலில் சேகர் அண்ணனுக்கு விழுந்திருந்ததோ முதல் நாள், சனிக்கிழமை, அதே முகத்துவாரத்து இடம். சாவு வீட்டின் பெயரை முதல் வரியில் வாசித்து, அவர் வரமுடியாமல் போனால், அது வேண்டுமென்றே செய்த மாதிரிதான் இருக்கும். அதுவும் வாசிப்பவர் தேவகி அக்கா.

இந்த வழக்கத்தை அக்கா முன்பே சொல்லியிருந்தார், புரோகிராமிலும் அதற்கு வழி வைத்திருந்தேன். 'விலக்கு' என்று ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல்; அதில் கார்டு நம்பரையும் தேதியையும் எழுதினால் பட்டியல் தானாகத் திருத்திக்கொள்ளும். ஆனால் அந்த ஃபைலை, பத்திரமாக இருக்கட்டும் என்று ஜாருக்குள்ளேயே வைத்துக் கட்டிவிட்டேன். எல்லாவற்றையும் உள்ளே ஏற்றிப் பழகிய கை. அக்கா கெட்டிக்காரர், என்னிடம் கேட்காமலே ஜாரை மூட்டை பிரிக்கிற மென்பொருளில் திறந்து, விலக்கு ஃபைலை டெஸ்க்டாப்புக்கு இழுத்து வெளியே போட்டு, அதில் அறுபத்தொன்று என்று எழுதிச் சேமித்திருக்கிறார். திருந்தியது வெளியே இருந்த பிரதி. உள்ளே இருந்தது அப்படியே இருந்தது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அச்செடுத்துப் பார்த்தால் முதல் வரியில் சேகர் அண்ணன் பெயர். உடனே எனக்கு ஃபோன். "நான் எழுதினது வெளிய நிக்குது, அது உள்ள கதவைச் சாத்திக்கினு பழசையே படிக்குது தம்பி, பத்து மணிக்கு அந்தப் பேரை நான் எப்படி வாசிப்பேன்?"

பத்து மணி

பாஸ்கர் அண்ணன் பைக்கில் கரைவரை கொண்டுவந்து விட்டார். எல்லப்பன் அண்ணனின் படகில் ஏறி, லேப்டாப்பை மடியில் வைத்து, ஜாருக்குப் பக்கத்தில் விலக்கு ஃபைல் இருந்தால் அதைப் படி, இல்லாவிட்டால் மட்டும் உள்ளே பார் என்று ஆறு வரி மாற்றினேன். தண்ணீர் தெறித்தால் மூடுவேன், அடங்கினால் திறப்பேன். கரை தொடுவதற்குள் கட்டி முடித்தேன். சங்கத்துக்குள் நுழைந்தபோது மணி ஒன்பதே முக்கால். வாசல் நிறைய ஆட்கள். புது ஜாரைப் போட்டு, பக்கத்தில் அக்கா புதிதாக விலக்கு ஃபைலை எழுதிவைத்து, ஓட்டினோம். முதல் வரியில் மறுபடியும் சேகர் அண்ணன் பெயர். அக்கா என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். ஃபைலின் பெயரைப் பார்த்தால் சரியாகத்தான் இருந்தது. பிறகுதான், விண்டோஸ் ஃபைல் பெயருக்குப் பின்னால் வரும் வால் எழுத்தை மறைத்துக் காட்டும் என்பது மண்டையில் உறைத்தது. மறைவை எடுத்தேன். 'விலக்கு டாட் டிஎக்ஸ்டி டாட் டிஎக்ஸ்டி' என்று இரண்டு வால். ஒன்றை வெட்டினேன். ஓட்டினோம். சனிக்கிழமை முகத்துவாரம், அறுபத்திரண்டாம் கார்டு. பதினேழாம் நாள் முகத்துவாரம், அறுபத்தொன்று. அக்கா தாளை எடுத்தார், அவர் விரல் ஈரத்தில் ஓரம் நனைந்தது.

எழுபத்திரண்டு பெயரையும் அக்கா நின்றுகொண்டே வாசித்தார். ஒரு நாளிலும் ஓர் இடம் இரண்டு பேருக்கு விழவில்லை. சேகர் அண்ணன் மொட்டைத் தலையோடு வாசலுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றார்; துக்கக்காரர் உள்ளே வரக்கூடாது. முதல் வரியில் தன் பெயர் வராதபோது தலையைத் தூக்கினார். பதினேழாம் நாளுக்கு வந்தபோது குனிந்துகொண்டார்.

வாசிப்பு முடிந்து எல்லோரும் கழி எடுக்கக் கிளம்பிய பிறகும் அவர் அங்கேயே நின்றார். மோகன் அண்ணன் வெளியே வந்தபோது வழியை விடவில்லை. "மச்சான், பதினேழாம் நாளு எனக்குப் படகுல ஆள் இல்ல. எப்பவும் நைனாதான் பின்னால ஒக்காருவாரு. நீ வரியா?" என்றார். போன பருவத்திலிருந்து பேசாத வாய். தேவகி அக்கா உள்ளே தாளைப் பலகையில் ஒட்டுகிற மாதிரி, ஒட்டினதையே மறுபடி ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு மோகன் அண்ணன் தன் செருப்பைத் தேடிக் காலை நுழைத்தார். "வரேன், ஆனா கழியெல்லாம் உன் கைக்கு எட்டாத எடத்துல, என் பக்கம்தான் இருக்கணும்."

அடுத்த பருவம்

அடுத்த பருவத்துக்கான பட்டியல் வாசிக்கும் நாள் எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று காலை ஏழு மணியிலிருந்தே ஃபோனைச் சார்ஜரிலிருந்து எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பதானது, பத்தானது, ஒன்றும் வரவில்லை. கம்ப்யூட்டரே எரிந்துபோயிருக்குமோ என்று நினைத்தேன். பதினொன்றுக்குத் தாங்கமுடியாமல் நானே கூப்பிட்டேன். பின்னால் படகு எஞ்சின் சத்தம், யாரோ யாரையோ சீக்கிரம் வரச் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம். என்னக்கா ஆச்சு, பட்டியல் வந்துச்சா என்று கேட்டேன். வாசித்து முடித்து, ஒட்டி, முதல் பாடு பார்க்கப் படகுகளும் கிளம்பிவிட்டனவாம். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். அக்காவுக்கு நான் கேட்பதே விளங்கவில்லை. "ஓடுச்சி தம்பி; ஓடலன்னாதான உன்னைக் கூப்பிடணும், ஓடினதுக்கு இன்னாத்துக்கு?"

எங்கள் தொழிலில் மாலை மரியாதை எல்லாம் கிடையாது, நாள் முழுக்க அடிக்காமல் கிடக்கிற ஃபோன்தான் பாராட்டுப் பத்திரம்.